ஏழு வருடப் பழைய பந்தய டயரைப் புதிது என்று விற்றது தொடர்பான முறைப்பாடு

கல்லடி,
மட்டக்களப்பு.
ஆகஸ்ட் 2025

விற்பனை முகாமையாளர் அவர்களுக்கு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த ஜூன் முதல் கிழமையில் உங்கள் மட்டக்களப்பு முகவர் ஊடாக மண் பாதைப் பந்தய டயர் நான்கு வாங்கினேன். இரண்டு முன் டயர், இரண்டு பின் டயர். பின் டயர் ஒன்று 39,500 ரூபா. பற்றுச்சீட்டின் பிரதியை இத்துடன் இணைத்திருக்கிறேன். வாங்குவதற்கு முன்னர் உங்கள் விற்பனைப் பிரிவுக்கு நானே தொலைபேசி எடுத்து, எந்த வருடத்துச் சரக்கு என்று கேட்டேன். "புதுசா இறங்கினது, இந்த வருடத்துச் சரக்கு" என்று பதில் வந்தது. அந்த வார்த்தையை நம்பித்தான் காசு கட்டினேன்.

அந்தப் பின் டயர்கள் இரண்டும் 2018 ஆம் ஆண்டு செய்யப்பட்டவை. அவற்றில் ஒன்றைப் பூட்டி ஓடிய என் மருமகன், என் தங்கையின் மகன், விழுந்து காறை எலும்பு முறிந்து ஆறு கிழமை கையைத் தொட்டிலில் போட்டிருந்தான். ஜூலை முதல் கிழமை நான் அனுப்பிய முறைப்பாட்டுக்கு நீங்கள் நான்கே வரியில், அதுவும் ஆங்கிலத்தில், "ஓட்டுநரின் தவறு, பந்தயப் பாவனைக்கு உத்தரவாதம் கிடையாது" என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ஏன் என்று விபரமாகச் சொல்கிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

நான் கல்லடியில் பைக் கராஜ் வைத்திருக்கிறேன். வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவுப் பக்கம் உறவினர் ஒருவரின் மேட்டு நிலத்தில் கிரவல் போட்டு, முட்டை வடிவில் ஒரு சிறிய பாதை அமைத்திருக்கிறோம். ஒரு சுற்று ஏறத்தாழ 400 மீற்றர். அமெரிக்கக் கார்ப் பந்தயத்தில் ஒரு மைலுக்குக் குறைந்த ஓவல் பாதையைத்தான் குறும்பாதை என்பார்கள். அதோடு ஒப்பிட்டால் எங்களுடையது அதிலும் குட்டி. ஆனால் வேலை ஒன்றுதான்: இடது பக்கம் மட்டும் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும், வளைவுக்குள் பின் சக்கரத்தை அளவாக வழுக்கவிட்டு பைக்கைத் திருப்ப வேண்டும். அந்த வழுக்கலை ஓட்டுபவன் இருக்கையில் உணர்வான். டயர் நல்லதென்றால் "இனி விடப் போகிறேன்" என்று அது முன்கூட்டியே சொல்லும். இந்த விளையாட்டின் பாதுகாப்பு முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

2022 இல் தட்டுப்பாட்டால் பெற்றோலுக்கு கியூஆர் பங்கீட்டு அட்டை வந்த காலத்தில் பாதையில் புல் முளைத்துக் கிடந்தது. பிறகு பொடியன்கள்தான் மண்வெட்டியோடு வந்து திருத்தினார்கள். றோட்டில் ஓட்டம் விட்டு ஆபத்தைத் தேடாமல், தலைக்கவசமும் முழங்கால் காப்பும் போட்டு, மூடிய பாதையில் ஓடட்டும் என்றுதான் இதை நடத்துகிறேன். இலாபம் ஒரு சதமும் இல்லை. அதனால்தான் டயர் விடயத்தில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் நடுப்பகுதி, கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம். மருமகனுக்கு 19 வயது, மூன்று வருடமாக ஓடுகிறான். புது டயர் பூட்டி இரண்டாவது ஓட்டத்தில், வேப்பமரத்தடி வளைவில், பின் சக்கரம் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரேயடியாக வெளியே போனது. வேகம் வழமையை விடக் குறைவு, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவன் திரும்பத் திரும்பச் சொன்னது, "மாமா, நான் எங்கேயோ பிழை விட்டிட்டன்" என்பதுதான். எனக்கும் அப்போது வேறு காரணம் தெரியவில்லை. அவன் சொன்னதை மறுக்காமல் இருந்துவிட்டேன். அது இன்றைக்கும் என் மனதைக் குத்துகிறது.

அன்று பின்னேரம் பைக்கைக் கராஜுக்குக் கொண்டுவந்து டயரைத் தடவிப் பார்த்தேன். மென்மையான பந்தய டயர் சில சுற்று ஓடினால் மேற்பரப்பு சொரசொரப்பாக, சிறு சிறு திரணைகளாக உருண்டு வரும். இது பளபளவென்று, தேய்த்துத் துடைத்த சப்பாத்துப் போல இருந்தது. அச்சில் வார்க்கும்போது வரும் இறப்பர் மயிர்கள் இடது தோளில்கூட அப்படியே நின்றன. இடது பக்கமே திரும்பி ஓடிய டயரில் இடது தோள் தேயவில்லை என்றால் அது மண்ணைப் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். பெருவிரல் நகத்தால் அழுத்தினேன். போன வருடம் உங்களிடமே வாங்கிய அதே ரகப் பின் டயரில் நகம் இறங்கும், எடுத்தால் பள்ளம் மெதுவாக நிரம்பும். இதில் நகம்தான் வளைந்தது.

பக்கச் சுவரில் உங்கள் பட்டைக்குறி ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து அதை உரித்தேன். அடியில் இருந்தது 1418 என்ற இலக்கம். 2000 ஆம் ஆண்டிலிருந்து டயரில் பொறிக்கப்படும் நான்கு இலக்கத்தில் முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் வருடம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2018 ஆம் ஆண்டின் 14 ஆவது கிழமை, அதாவது ஏப்ரல் மாதம். பூட்டாமல் கிடந்த மற்றப் பின் டயரையும் பார்த்தேன், அதே இலக்கம், அதே இடத்தில் ஸ்டிக்கர். முன் டயர்கள் இரண்டிலும் 2223 என்று இருந்தது, அவற்றில் ஸ்டிக்கர் தேயும் பரப்பின் மேல் ஒட்டியிருந்தது. வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நான் எழுத வரவில்லை. ஆனால் பழைய இரண்டிலும் மட்டும் அது சரியாகத் திகதிக்கு மேலே எப்படி வந்தது என்பதை நீங்கள்தான் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

நல்லபடி பாதுகாத்த டயர் சில வருடம் தாங்கும், வருடத்தை மட்டும் வைத்துக் குறை சொல்ல முடியாது என்று நீங்கள் சொல்லக்கூடும். அது நியாயமான பேச்சு. அதனால்தான் கையால் தடவிப் பார்த்ததோடு நிற்காமல் வடிவாகச் சோதித்தோம்.

முதலில் கடினம் அளந்தோம். இறப்பரில் சிறு ஊசியை அழுத்தி ஷோர் ஏ அளவில் காட்டும் கருவி ஒன்றைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கினேன். இறப்பர் சூடேறினால் இளகும், அளவு குறைத்துக் காட்டும் என்பதால் எல்லா டயரையும் ஒரே அறையில் இரவு முழுக்க வைத்து, காலை ஆறரை மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னர் அளந்தோம். ஒவ்வொன்றிலும் எட்டு இடம். உங்கள் விளம்பரத் தாளில் இந்த ரகத்துக்கு 55 என்று போட்டிருக்கிறீர்கள். முன் டயர்கள் 57, 58 காட்டின, அதில் எனக்குக் குறை இல்லை. போன வருடம் வாங்கி ஒரு பருவம் முழுக்க ஓடித் தேய்ந்த பின் டயர் 60 காட்டியது. சூடேறி ஆறி, சூடேறி ஆறி வந்த டயர் கொஞ்சம் இறுகுவது இயல்பு. இப்போது விற்ற "புது" பின் டயர்கள் இரண்டும் 71 க்கும் 73 க்கும் இடையில். எத்தனை தரம் அளந்தும் அதேதான். ஒருமுறையும் பூட்டாத டயரும் அதே அளவு காட்டியதால், ஓடி இறுகியது என்று சொல்லவும் வழியில்லை.

பிறகு பாதையில் ஓடிப் பார்த்தோம். டயர் சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். ஆகவே அதே பைக், அதே பற்சக்கரம், அதே அளவு பெற்றோல். டயரின் காற்றழுத்தம், ஆறிய நிலையில் 22 பீஎஸ்ஐ. ஓடியது என் கராஜில் வேலை செய்கிற அனுபவமுள்ள தம்பி. அவருக்கு நேரத்தைச் சொல்லவில்லை, எந்தத் தயக்கம் வந்தாலும் நிறுத்தச் சொன்னேன். மண் பாதையில் ஒரு சிக்கல் உண்டு. விடிய பவுசரில் தண்ணீர் விட்டால் முதலில் நன்றாகப் பிடிக்கும், கச்சான் அடிக்க அடிக்கக் காய்ந்து வழுக்கத் தொடங்கும். பிந்தி ஓடிய டயர் பாதையால்தான் தோற்றது என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக, போன வருடம் வாங்கித் தேய்ந்த பழைய டயரில் தொடங்கி, சந்தேகத்துக்குரியதைப் பூட்டி, கடைசியில் திரும்பவும் பழையதைப் பூட்டி ஓடவிட்டோம். ஒவ்வொன்றிலும் ஐந்து சுற்று. இரண்டு பேர் தனித்தனியாக நேரம் எடுத்தார்கள்.

தேய்ந்த பழைய டயரில் சராசரி 24.2 செக்கன். நீங்கள் விற்றதில் 25.4. பழையதை மீண்டும் பூட்டியபோது 24.3. பாதை மாறியிருந்தால் கடைசி ஓட்டமும் விழுந்திருக்க வேண்டும், விழவில்லை. 400 மீற்றரில் ஒரு செக்கனுக்கு மேல் வித்தியாசம் என்பது சின்ன விடயம் இல்லை. ஆனால் எனக்கு அந்த நேரத்தை விட முக்கியமாகப் பட்டது, தம்பி இறங்கி வந்து சொன்னதுதான்: "அண்ணன், இது பிடிக்குது, பிடிக்குது, பிறகு ஒண்டுமே இல்ல. நடுவில ஒண்டும் சொல்லுதில்ல." மருமகன் விழுந்தது எப்படி என்று அவரிடம் நான் ஒரு வார்த்தையும் கதைத்திருக்கவில்லை.

ஓடிய டயரைக் கழற்றி மடக்கிப் பார்த்தபோது தவாளிப்பின் அடியில் மயிரிழை போல வெடிப்புகள் இருந்தன. படம் இணைத்திருக்கிறேன். இறப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் வழியை 1839 இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டார். தொழிற்சாலை அச்சிலிருந்து வெளியே வந்த பிறகும் வெப்பமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் அந்த இறப்பரை மெல்ல மெல்ல இறுக்கிக்கொண்டே இருக்கும். வெல்டிங் பிளாண்ட், மின்மோட்டர் பக்கத்தில் உண்டாகும் ஓசோன் வெடிப்பை இன்னும் கூட்டும். தகரக் கூரைக் களஞ்சியத்தில் ஏழு வெயில்காலம் கிடந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊர்ச் சூட்டைத் தெரிந்த எவரும் சொல்வார்கள். உங்கள் களஞ்சியம் எப்படிப்பட்டது என்று நான் பார்த்ததில்லை. டயரைத்தான் பார்த்தேன்.

இந்த ரகத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் வாங்கியதில் நாங்கள் ஒரு பருவம் நன்றாக ஓடினோம், நானே நாலைந்து பேருக்கு இதை வாங்கச் சொல்லியிருக்கிறேன். அதுதான் இப்போது என்னை உறுத்துகிறது. என் பேச்சைக் கேட்டு வாங்கியவர்களிடம் நான் போய் ஒவ்வொரு டயராகத் திகதி பார்த்துவிட்டேன். அவர்களுடையது சரியாக இருந்தது. எனக்குத் தெரியாதவர்களிடம் போனதை நீங்கள்தான் தேட முடியும்.

பந்தயப் பாவனைக்கு உத்தரவாதம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். தேய்ந்துபோனது, கல் குத்திக் கிழிந்தது என்று வந்திருந்தால் அந்த வாசகத்துக்கு நான் தலையாட்டியிருப்பேன். பந்தய டயர் என்று பெயர் போட்டு, பந்தயத்துக்கென்றே விற்ற பொருள், விற்ற நாளிலேயே நீங்கள் சொன்ன பொருளாக இருக்கவில்லை. என் முறைப்பாடு அது பற்றியது.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான். பின் டயர் இரண்டுக்கும் கட்டிய 79,000 ரூபாவைத் திருப்பித் தாருங்கள். முன் டயர்களை வைத்துக்கொள்கிறேன். 1418 இலக்கத்தில் உங்கள் களஞ்சியத்திலும் முகவர்களிடமும் மிச்சம் இருப்பவற்றை விற்பனையிலிருந்து எடுங்கள், ஏற்கனவே வாங்கியவர்களுக்கு அறிவியுங்கள். இதைக் காசை விட முதலில் செய்யுங்கள், ஏனென்றால் அடுத்த மாதம் எங்கேயோ ஒரு பொடியன் அதைப் பூட்டிக்கொண்டு வளைவுக்குள் போகக்கூடும். அப்புறம், "ஓட்டுநரின் தவறு" என்று எழுதிய கடிதத்தை மீளப் பெற்று, அப்படி இல்லை என்று தமிழில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதை நான் மருமகன் கையில் கொடுக்க வேண்டும். கை ஆறிவிட்டது, ஆனால் இன்னும் பைக்கில் ஏற மாட்டேன் என்கிறான். நான் சோதனை முடிவைக் காட்டியும், "மாமா எனக்காகச் சொல்றீங்க" என்று நினைக்கிறான். விற்றவர்களே எழுதித் தந்தால் நம்புவான்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி முறைப்பாடு செய்வதற்கு மூன்று மாத அவகாசம் இருக்கிறது. எனக்கு அது செப்டெம்பர் முதல் கிழமையோடு முடிகிறது. அங்கே போவதற்கு முன்னர் உங்களோடு நேரடியாகத் தீர்க்கவே விரும்புகிறேன். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, இதே ஆவணங்களை அவர்களிடம் ஒப்படைப்பேன்.

டயர்கள் இரண்டும் கறுப்புப் பொலித்தீனில் சுற்றி, வெயில் படாத அறையில் இருக்கின்றன. ஒன்று ஓடியது, ஒன்று பூட்டாதது. உங்கள் தொழில்நுட்ப அதிகாரியை அனுப்புங்கள், அவர் தன் கருவியாலேயே அளந்து பார்க்கட்டும். ஞாயிறு தவிர எந்த நாளும் காலை எட்டு மணிக்குக் கராஜ் திறந்திருக்கும். ஓடிப் பார்க்க விரும்பினால் முதல் நாள் மட்டும் சொல்லுங்கள், விடிய பாதைக்குத் தண்ணீர் விட வேண்டும்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
கராஜ் உரிமையாளர், கல்லடி.

இணைப்பு: பற்றுச்சீட்டுப் பிரதி, நான்கு டயர்களின் திகதி இலக்கப் படங்கள், கடினம் அளந்த தாள், சுற்று நேரக் குறிப்பு, வெடிப்புகளின் படங்கள், வைத்திய அறிக்கைப் பிரதி.