உப்புத் தண்ணிக்காரங்களுக்கும் ஒரு பக்கம் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட ஞாயிறு இணைப்புல, விஷமில்லாம வீட்ட சுத்தம் பண்றது எப்படின்னு ஒரு பக்கம் வந்துச்சு. பூந்திக்கொட்ட, வினிகர், ஆப்ப சோடா, எலுமிச்ச தோல புளிக்க வச்சு செய்ற என்சைம் தண்ணி, கடையில விக்கிற மைல்டு லிக்விட்னு எல்லாத்தையும் வரிசையா சொல்லியிருந்தீங்க. நல்ல விஷயம்தான், நானும் கொஞ்ச நாளா இதெல்லாம் ஒவ்வொண்ணா வாங்கி பாத்துட்டு இருக்கேன். ஆனா அந்தப் பக்கம் பூரா தேடியும் தண்ணிய பத்தி ஒரு வார்த்த இல்ல. இங்கிட்டு சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரைல இருந்து மண்டபம் வரைக்கும், அங்கிட்டு தேவிபட்டினம், தொண்டி வரைக்கும் கடலோரத்துல குடியிருக்கவங்களுக்கு முதல் கேள்வியே அதுதான், எங்க போர் தண்ணியில இது வேலை செய்யுமா செய்யாதா.

எங்களுக்கு காவிரி தண்ணி வர்றது குடிக்கவும் ஒலை வைக்கவும்தான். பாத்திரம் வெளக்க, துணி தொவைக்க, வீடு கழுவ எல்லாம் போர் தண்ணி. அதுல கால்சியமும் மெக்னீசியமும் ஜாஸ்தி. சாதா சோப்ப கரைச்சீங்கன்னா நுரை வராது, தயிரு திரிஞ்ச மாதிரி வெள்ள வெள்ளயா மிதக்கும், அது போயி தட்டுலயும் டைல்ஸ்லயும் ஒட்டிக்கும், நாம அழுக்கு போகலன்னு இன்னும் சோப்ப போட்டு தேப்போம், அது இன்னும் ஒட்டும். குடிதண்ணிக்கு இந்திய தர நிர்ணயத்துல மொத்த கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற வழியில்லன்னா 600 வரைக்கும் ஓகேன்னு வச்சிருக்காங்க. ஆர்ஓ மாட்ட வர்ற பையன் மீட்டர முக்கிட்டு ஒரு நம்பர் சொல்லுவான்ல, அது இது இல்ல, அது மொத்த உப்பு. சோப்புக்கு எதிரி எவ்வளவு இருக்குன்னு அதுல தனியா தெரியாது. வீட்லயே பாக்கணும்னா ஒரு பாட்டில்ல பாதி தண்ணி ஊத்தி சாதா சோப்ப கொஞ்சம் சீவி போட்டு நல்லா குலுக்குங்க, மேல நுரை நிக்காம கீழ பால் கலர்ல கலங்குச்சுன்னா கடினத் தண்ணி. எங்க வீட்டு தண்ணிக்கு குலுக்கவே வேணாம், குடத்த பாத்தாலே தெரியும்.

இப்ப நீங்க சொன்ன பொருளுக்கு வர்றேன். கடையிலயும் ஆன்லைன்லயும் விக்கிற மைல்டு பாட்டில்ல ரெண்டு ஜாதி இருக்கு, அத உங்க பக்கத்துல பிரிச்சு சொல்லல. ஒண்ணு வெறும் எண்ணெய் சோப்ப தண்ணியா கரைச்சது, லேபிள்ல பொட்டாசியம் கோகோயேட்னு போட்டிருப்பான். கைக்கு ரொம்ப இதமா இருக்கும், நல்ல தண்ணி வர்ற ஊருக்கு ஏத்தது, எங்க தண்ணியில அதே தயிர் கததான். இன்னொண்ணு கோகோ குளுக்கோசைடு, டெசைல் குளுக்கோசைடுன்னு போட்டிருக்கிறது. தேங்கா எண்ணெய், சர்க்கரை மாதிரி செடியில கிடைக்கிறத வச்சே செய்றாங்க, கடினத் தண்ணிய கண்டுக்காது, மண்ணுல சீக்கிரம் மக்கியும் போயிரும். எங்க பக்கத்துக்கு இதுதான் லாயக்கு. ரெண்டு பாட்டில்லயும் முன்னாடி ஒரே பச்ச இலை படம்தான், பின்னாடி பொடி இங்கிலீஷ்ல எழுதியிருக்கிறத யாரு படிக்கிறது. ஒரு பாட்டில்ல நூறு சதவீதம் இயற்கைன்னு போட்டுட்டு உள்ள என்ன இருக்குன்னே போடல, அத வாங்குன இடத்துல கேட்டா பதிலும் இல்ல. 2024 அக்டோபர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி சும்மா பசுமைன்னு சொல்லிக்கிறதுக்கு விதிமுறை கொண்டு வந்துருக்கு, சொல்றதுக்கு ஆதாரம் வேணும்னு. புகார் சொல்ல 1915ன்னு நம்பர் இருக்கு. 1991லயே ஈகோமார்க்னு மண்பானை படம் போட்ட ஒரு முத்திரையும் கவர்மெண்ட்டு கொண்டு வந்துச்சு, எங்க பஜார்ல அந்தப் பானைய எந்த பாட்டில்லயும் நான் பாத்ததில்ல.

பூந்திக்கொட்டைய நான் முழுசா ஆதரிக்கிறேன். உப்புத் தண்ணியிலயும் நுரைக்கும், திரியாது, நாட்டு மருந்து கடையில சல்லிசா கிடைக்கும், கொட்டைய எடுத்துட்டு தோல ராத்திரி ஊறப் போட்டு காலையில கொதிக்க வச்சு வடிகட்டுனா போதும். மறுநாளே நாத்தம் எடுக்கும், அதனால அன்னன்னைக்கு வேண்டியத மட்டும் செய்யணும். ஆனா இயற்கைதானே எங்க வேணா ஊத்தலாம்னு நெனைக்காதீங்க. இதுல நுரை வர வைக்கிற சாபோனின் மீனு செவுளுக்கு ஆகவே ஆகாது, இந்த சத்து இருக்கிற காய அரச்சு குளத்துல போட்டு மீன மயக்கிப் பிடிக்கிறது பழைய வழக்கம். ஊருணிப் படியில உக்காந்து பூந்திக்கொட்ட தண்ணில தொவைச்சு அப்படியே உள்ள விடாதீங்க, தென்னைக்கோ வாழைக்கோ ஊத்துங்க.

வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒண்ணா கலந்து தேய்க்கச் சொல்லியிருந்தீங்க, அது தப்புங்க. பொங்கி வர்றத பாத்தா அழுக்கு பறக்குற மாதிரி இருக்கும், பொங்கி முடிஞ்சா புளிப்பும் போச்சு காரமும் போச்சு, மிச்சம் ஒரு மாதிரி உப்புத் தண்ணி. உப்புத் தண்ணிக்கு எங்களுக்கா பஞ்சம். ரெண்டும் தனித்தனியா நல்லா வேலை செய்யும். குழாய் வாயில, கெட்டில் அடியில, டைல்ஸ்ல வெள்ளயா படியிற சுண்ணாம்புக்கு புளிப்பு வேணும், வினிகரோ சிட்ரிக் ஆசிட் பொடியோ. பொடிதான் லாபம், ஒரு ஸ்பூன சுடுதண்ணில போட்டு கெட்டிலுக்குள்ள கொஞ்ச நேரம் விட்டாலே உரிஞ்சு வந்துரும். மார்பிள், மொசைக், சிமெண்ட்டு தரையில மட்டும் புளிப்ப ஊத்திறாதீங்க, தரையே அரிச்சுப் போகும். எண்ணெப் பிசுக்குக்கு சோடா வேணும்.

துணிக்கு ஆப்ப சோடா பத்தாது, சலவை சோடா வேணும். எங்க அப்பத்தா காலத்துல உவர்மண்ண வச்சு வெள்ளாவி வச்சாங்கல்ல, அதுல இருந்த சரக்கும் ஏறக்குறைய இதேதான். வாளித் தண்ணில முதல்ல ஒரு ஸ்பூன் சலவை சோடாவ கரைச்சு கொஞ்ச நேரம் விட்டா கால்சியம் அடியில படிஞ்சுரும், அப்புறம் பவுடர போட்டா எப்பவும் போடுறதுல பாதியே தாராளம். அலுமினிய சட்டில இத போடக் கூடாது, கருத்துரும். பட்டுக்கும் ஆகாது. கையில க்ளவுஸ் போட்டுக்கணும், மைல்டு லிஸ்ட்ல இது வராது, ஆனா எண்ணெய் சோப்பு ஜாதி மைல்டு லிக்விட் எங்க ஊர்ல வேலை செய்யணும்னா இதோட தொணை வேணும்.

கையின்னு சொன்னதும் ஒண்ணு சொல்லணும். எங்க தெருவுல பாதி பொம்பளைங்க நண்டு எறா உடைக்கப் போறவங்க, மீன் யாவாரத்துக்குப் போறவங்க, கருவாடு போடுறவங்க. பாம்பன் பக்கம் பாசி எடுக்க கடலுக்குள்ள முங்குறவங்களும் இருக்காங்க. நாள் பூரா ஐசுலயும் உப்புலயும் ஊறி விரல் இடுக்கெல்லாம் வெடிச்சு வீட்டுக்கு வந்து அதே கையோட காரமான பாத்திர சோப்ப தொட்டா எப்படி இருக்கும்னு எங்க மதினி சொல்லுவாக, சோறு பெசஞ்சு திங்க முடியாது, ஸ்பூனு கேட்டு வாங்கித்தான் சாப்புடுவாக. மைல்டுங்கிறது ஏதோ ஏசி வீட்டு ஃபேஷன்னு எங்க ஊர்ல பலபேரு சிரிக்கிறாங்க, உண்மையில அது அவசரமா தேவைப்படுறது மதினிக்குத்தான். ஆனா அந்த பாட்டில் விலைக்கு அவுக ஒரு நாள் கூலியில எவ்வளவு போகும்னு நீங்களே கணக்கு போட்டுக்கங்க.

மீன் கவிச்சிக்கு மட்டும் எந்தக் கம்பெனியும் எங்களுக்கு சொல்லிக் குடுக்க வேணாம். அந்த வாட அடிக்கிறது ட்ரைமெத்தில் அமின்னு ஒரு சமாச்சாரம், காரத்தன்மை உள்ளது, புளிப்பு பட்டா அடங்கிரும். அருவாமனை, மீன் சட்டி, கையி எல்லாத்துக்கும் கரைச்ச புளிச் சக்கையே போதும். வாசனை லிக்விட போட்டீங்கன்னா ரோசாப்பூவும் சூடை மீனும் கலந்து இன்னும் கொடுமையா அடிக்கும். அருவாமனைய மட்டும் உடனே நல்ல தண்ணில அலசி தொடச்சு வைங்க, புளியோட விட்டா இரும்பு துருவேறும். ஜன்னல் கம்பியில கடக்காத்து அப்பி வச்சிருக்கிற உப்புக்கும் புளிப்பு ஆகாது, வினிகர் வேணாம், ஈரத்துணியால தொடச்சு காஞ்ச துணியால ஒத்தி துளி தேங்கா எண்ணெய தடவுனா போதும். கண்ணாடிக்கு பழைய பேப்பர், உங்க பேப்பர் நல்லா உறிஞ்சுது, தப்பா எடுத்துக்காதீங்க.

எலுமிச்ச தோல் என்சைம் நல்லாத்தான் வருது. வெல்லம் ஒண்ணு, தோல் மூணு, தண்ணி பத்து, மூணு மாசம் காத்திருக்கணும், முதல் சில வாரம் அப்பப்ப மூடிய திறந்து கேஸ விடலேன்னா டப்பா வெடிச்சு அடுப்படி பூரா எலுமிச்ச தோல்தான். கருப்பட்டிய அதுல போடச் சொல்லி யாரோ சொல்லியிருந்தாங்க, கருப்பட்டி விக்கிற விலைக்கு அத காப்பிக்கு வச்சுக்கங்க.

ஆனா இது எதுவும் கிருமிக்கு மருந்து இல்ல. வீட்ல வாந்திபேதின்னா ப்ளீச்சிங் பவுடர்தான் வேணும், அந்த நேரத்துல என்சைம நம்பி உக்காரக் கூடாது. ப்ளீச்சிங்க தனியா தண்ணில கரைச்சு கதவ தொறந்து வச்சு போடணும். அதோட டாய்லெட் ஆசிட் லிக்விட சேத்து ஊத்துனா பளிச்சுன்னு வரும்னு எங்க பக்கம் ஒரு பேச்சு ஓடுது, வர்றது குளோரின் கேஸு. வினிகர் சேந்தாலும் அதேதான். கைப்பிடி அகல ஜன்னல் வச்ச பாத்ரூம்ல இத பண்ணிட்டு இருமிக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுன பிள்ள எங்க தெருவுலயே இருக்கு. நீங்க இத கட்டம் கட்டி போட்டிருக்கணும், ஒரு வரி கூட இல்லாதது எனக்கு வருத்தம். தினமும் ஆசிட்டயும் ப்ளீச்சிங்கயும் ஊத்துனா செப்டிக் டேங்குல மலத்த மக்க வைக்கிற கிருமியும் சாகும், அப்புறம் மாசா மாசம் லாரிக்காரனுக்கு தெண்டம்.

எங்களுது மணல் தரை. கொல்லையில ஊத்துற தண்ணி தேங்காம சர்ருன்னு உள்ள போயிரும், பக்கத்துலயே நாலடி தோண்டுன ஊத்துலதான் பலபேரு தண்ணி அள்ளுறாங்க. மழைக்கு மிச்சமெல்லாம் கடலுக்கு. 1986ல இருந்து இங்க 21 தீவு தேசிய பூங்காவா இருக்கு, கடல் பசு மேயிற புல்லு இருக்கு. எங்க வீட்டு சோப்பால பவளப்பாறை செத்துச்சுன்னு சொன்னா அது ரொம்ப ஓவர், ஆனா பாஸ்பேட்டு சேந்த பவுடர் தண்ணி கடலோரம் போனா கொழகொழ பாசி மண்டி அந்தப் புல்லுக்கு வெயில் விழாம பண்ணும்ங்கிறது நெசம்.

அதனால கேக்குறது இதுதான். அடுத்த தடவ இந்த மாதிரி பக்கம் போடும்போது எந்தப் பொருள் எந்தத் தண்ணிக்குன்னு ஒரு வரி சேத்து போடுங்க. எங்க பக்கம் மகளிர் குழுவுல ஃபினாயிலும் பாத்திர லிக்விடும் செஞ்சு விக்கிறாங்க, அவங்களுக்கு ட்ரெயினிங் குடுக்கிற அதிகாரிங்க உங்க பேப்பர படிப்பாங்க. குளுக்கோசைடு சரக்க மொத்தமா வாங்கிக் குடுத்து, கேன கொண்டு போனா லூசா ஊத்திக் குடுக்கிற மாதிரி செஞ்சா பாட்டில் காசு, கூரியர் காசு மிச்சம், மதினி மாதிரி ஆளுக்கும் எட்டும். கலவை எப்படின்னு மெட்ராஸ் தண்ணில பாக்காம இந்தத் தண்ணில கலக்கிப் பாக்கச் சொல்லி எழுதுங்க. சாம்பிள் வேணும்னா எங்க போர்ல இருந்து ரெண்டு கேன் ராம்நாடு பஸ்ல போட்டு அனுப்பி விடுறேன், லக்கேஜ் சார்ஜ் மட்டும் நீங்க குடுத்துருங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வேதாளை.