பழைய தோட்டா பிரஸ்ஸும் வீட்டுக்குள் வரும் ஈயத் தூளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வாழும் தமிழர்களிடையே இலக்குச் சுடுதலிலும் மான் வேட்டையிலும் ஈடுபாடு கொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர், சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூடுகளை வீசியெறியாமல், மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் பழக்கத்துக்கும் வந்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை, இதற்கான பிரஸ் என்னும் அழுத்துக் கருவியைப் புதிதாக வாங்குவோரைவிட, காலமான முதியவர் ஒருவரின் உடைமைகளைக் குடும்பத்தார் விற்கும் இடத்தில் பழையதாக வாங்குவோரே அதிகம். அப்படி வரும் பிரஸ் பெரும்பாலும் ஈரம் தங்கிய அடித்தள அறையில் பல்லாண்டு கிடந்து, தண்டில் துருவும் இரும்புச் சட்டமெங்கும் கருப்பு அழுக்கும் ஏறியதாக இருக்கும். அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரிப்பதும், பாத்திரம் தேய்க்கும் தொட்டியிலேயே கழுவுவதும் நம்மவர் வீடுகளில் நடப்பதைக் கண்டுதான் இக்கடிதத்தை எழுதுகிறேன். அந்தக் கருப்பு அழுக்கில் ஈயம் இருக்கிறது. பிரஸ்ஸைத் தேய்ப்பதும் அதுதான், வீட்டுக் குழந்தையின் இரத்தத்தில் சேர்வதும் அதுதான். ஆகவே கருவியைச் சரியாகத் துப்புரவு செய்வதும் குடும்பத்தைக் காப்பதும் ஒரே வேலை.

முதலில் நாட்டுச் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். அமெரிக்காவில் ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் வேண்டியதில்லை. விற்பதற்காகத் தயாரிப்பவருக்கே உரிமம் கட்டாயம். மாநில விதிகளை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் நிலைமை வேறு. அங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கிறது. எனவே நான் எழுதுவது இங்குள்ள வீடுகளுக்கு மட்டுமே பொருந்தும்.

பழக்கமில்லாத வாசகர்களுக்காக, பிரஸ் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருந்தும் சிறிய பிரைமர், உள்ளே புகையற்ற வெடிமருந்து, முனையில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே ஒரு தோட்டா. சுட்டபின் கூடும் அதன் அடியில் வெந்துபோன பிரைமரும் மிஞ்சும். பிரஸ்ஸின் கைப்பிடியைக் கீழே இழுத்தால் தடித்த எஃகுத் தண்டு மேலேறி, சுட்டதில் விரிந்துபோன கூட்டை டை என்னும் அச்சுக்குள் செலுத்தும். டை அதை உரிய அளவுக்குச் சுருக்கும். டையின் நடுவிலுள்ள ஊசி பழைய பிரைமரைக் கீழே தள்ளிவிடும். பிறகு புதிய பிரைமர், அளந்த மருந்து, குண்டு என்று வரிசையாக ஏறும்.

பழைய பிரஸ்ஸை நான் மதிப்பதற்குக் காரணம் உண்டு. ஜான் பார்லோ 1884இல் தொடங்கிய ஐடியல் நிறுவனம் கையில் பிடித்து அழுத்தும் எளிய கருவிகளை விற்றது; 1925இல் அது லைமன் நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஃப்ரெட் ஹண்டிங்டன் 1943இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் தொடங்கிய ஆர்சிபிஎஸ் நிறுவனம், சுட்ட .22 அளவுக் கூடுகளையே குண்டின் மேலுறையாக மாற்றும் டைகளில் ஆரம்பித்து, பின்னாளில் ராக் சக்கர் என்ற வார்ப்பிரும்புப் பிரஸ்ஸால் நாடெங்கும் அறியப்பட்டது. நான் வாழும் விஸ்கான்சின் மாநிலத்திலேயே ஹார்ட்ஃபோர்டில் லீ நிறுவனமும், பறவை வேட்டைக்கான ஷாட்கன் தோட்டாக்களை நிரப்பும் கருவிகளுக்குப் பெயர்பெற்ற மெக் நிறுவனம் மேவில்லிலும் இருக்கின்றன. நடுவே திறப்புள்ள வளையம் போன்ற கனத்த சட்டத்தைக் கொண்ட ராக் சக்கர் வகைப் பிரஸ்களில் உடையக்கூடிய பாகங்கள் மிகக் குறைவு. அத்துடன், டை பொருந்தும் துளையின் திருகுப் புரி எட்டில் ஏழு அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 14 சுற்றும் கொண்டதாகப் பெரும்பாலான நிறுவனங்களிடம் ஒன்றுபோல் நிலைத்துவிட்டதால், தாத்தா காலத்துப் பிரஸ்ஸில் இன்று வாங்கிய டை தடையின்றி ஏறுகிறது. இப்படிப்பட்ட ஒன்றைத் துருவைக் காரணம் காட்டிப் பழைய இரும்புக்குப் போடுவது வீண் இழப்பு.

இனி அந்த அழுக்குக்கு வருகிறேன். இன்றும் பெரும்பாலான பிரைமர்களில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மமும் பேரியம் நைட்ரேட்டும் ஆன்டிமனி சல்ஃபைடும் உள்ளன. அவை எரிந்தபின் பிரைமர்க் கிண்ணத்தில் சாம்பல் நிறத்தில் நொய்ய தூளாகத் தங்குகின்றன. ஊசி பழைய பிரைமரைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் அந்தத் தூள் தண்டின் மீது உதிர்கிறது. பழைய பிரஸ்கள் பலவற்றில் பிரைமர் தண்டின் பக்கத்துப் பிளவு வழியே வெளியே விழுந்து திறந்த தட்டில் சேரும் அமைப்பே இருந்ததால், தூளில் ஒரு பங்கு தட்டுக்குப் போகாமல் தண்டின் எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். எண்ணெயோடு கலந்த அந்தத் தூள் அரப்பொடிபோல் நின்று, தண்டையும் அது ஏறி இறங்கும் துளையையும் மெல்ல மெல்ல அராவுகிறது. தண்டுக்கு உயவு அதிகமாக வேண்டும் என்று கெட்டியான கிரீஸைத் தடவுவது இதனால்தான் தவறு; கிரீஸ் தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு படலம் போதும். கிரீஸ் வேண்டுமானால் அது கைப்பிடியைத் தண்டோடு சேர்க்கும் இணைப்புக் கைகளின் பின்களுக்குத்தான் (முளைகளுக்குத்தான்).

அதே தூள் மனிதருக்கு என்ன செய்யும் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்த செய்தி. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. வளரும் மூளையை அது பாதிக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல், குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் குறித்துக் கவனம் கொள்ள வேண்டிய அளவை ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமிலிருந்து 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. தரையில் தவழ்ந்து, விரலை வாயில் வைக்கும் வயதில் உள்ள பிள்ளைக்கே தூள் மிக எளிதாகப் போய்ச் சேரும். தரையில் அமர்ந்து சாப்பிடுவதும், கையால் பிசைந்து உண்பதும், குழந்தைக்குக் கையால் ஊட்டுவதும் நம் வீடுகளில் இயல்பானவை என்பதால், இந்த எச்சரிக்கை மற்றவர்களைவிட நமக்குக் கூடுதலாகவே பொருந்தும் என்று கருதுகிறேன்.

ஆகவே வேலையைக் கராஜிலோ அடித்தள அறையின் ஒரு மூலையிலோ, பழைய செய்தித்தாளையோ பிளாஸ்டிக் விரிப்பையோ பரப்பி, கையுறை அணிந்து செய்ய வேண்டும். உலர்ந்த தூரிகையால் தட்டவோ, காற்றடித்து ஊதவோ, வீட்டு வாக்யூமால் உறிஞ்சவோ கூடாது. மூன்றுமே தூளை அறை முழுவதும் பரப்பும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுவதே முறை. வேலைக்கு உடுத்திய துணியை மற்றவர் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.

பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டிய மிக முக்கியமான ஒன்றைப் பலர் தவறவிடுகிறார்கள். பழைய பிரஸ்ஸின் பிரைமர் ஏற்றும் சிறு கையிலோ, அதற்குப் பிரைமர் ஊட்டும் குழாயிலோ, சுடப்படாத பிரைமர் ஒன்று சிக்கியிருக்கக்கூடும். அது அடியாலோ சூட்டாலோ வெடிக்கும் பொருள். எண்ணெயில் ஊறியதால் அது செத்துவிட்டது என்று நம்பவே கூடாது. அப்படி ஏதேனும் கண்ணில் பட்டால் சுத்தியல், வெப்பம் எதையும் அருகே கொண்டுபோகாமல் அனுபவமுள்ளவரை அழைக்க வேண்டும். பிரஸ்ஸோடு சேர்ந்து வரும் மருந்து அளப்பானுக்குள் பெயர் தெரியாத மருந்து மிச்சமிருந்தால், அதன் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து இன்ன மருந்து என்று ஊகித்துப் பயன்படுத்துவது உயிரோடு விளையாடுவதாகும்.

பிரிக்கும் வரிசை கடினமானதன்று. டை, கூடு பிடிக்கும் ஷெல் ஹோல்டர், பிரைமர்க் கை, அதன் சுருள்வில் ஆகியவற்றை முதலில் எடுத்து, பிறகு கைப்பிடியின் பூட்டு மரையைத் தளர்த்திக் கழற்ற வேண்டும். இணைப்புக் கைகளைத் தொடும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்வதும், வலது கை எது, இடது கை எது, வெளிமுகம் எது என்று குறியிடுவதும் அவசியம். அவை பல்லாண்டு ஒரே இடத்தில் ஓடித் தத்தம் பின்னோடு பொருந்திப் போனவை. பின்களைப் பிடிக்கும் சிறு வளையங்கள் தெறித்துப் பறப்பவை என்பதால் கண்ணாடி அணியாமல் அவற்றைத் தொடக் கூடாது. வராத பின்னுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருந்து, பித்தளைக் கம்பியை வைத்து மெல்லத் தட்டினால் வந்துவிடும். எஃகுச் சுத்தியலால் நேரே அடித்தால் வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விட்டுவிடும். அந்த விரிசலுக்குப் பின் பிரஸ் எதற்கும் உதவாது. தண்டை உருவும் முன் அதன் தலையில் ஷெல் ஹோல்டர் நுழையும் பள்ளத்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அங்கே பிசிறு எழும்பியிருந்தால், அதை நுண்ணிய சாணைக்கல்லால் நீக்கிய பிறகே தண்டைத் துளை வழியே விட வேண்டும். இல்லையெனில் அந்தப் பிசிறே துளையின் சுவரில் நீளக் கீறிவிடும்.

துப்புரவுக்கு மண்ணெண்ணெயோ மினரல் ஸ்பிரிட்டோ போதும். பெட்ரோல் வேண்டாம், அதன் ஆவி மூடிய அறையில் தீப்பிடிக்கும். பழைய இராணுவ உபரித் தோட்டாக்களைச் சுட்டவர் வைத்திருந்த பிரஸ்ஸானால் இன்னொரு செய்தி உண்டு. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க இராணுவம் கைவிடும்வரை பயன்பட்ட பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்தபின் அது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாக மாறி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். ஆகையால் எண்ணெய் எவ்வளவு தடவியும் துரு மீண்டும் மீண்டும் அதே இடத்தில் வருகிறதென்றால், முதலில் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே நன்றாக உலர்த்தி, அதன்பின் எண்ணெய் இட வேண்டும். தண்டிலுள்ள துருவை மிக நுண்ணிய எஃகுப் பஞ்சில் எண்ணெய் தொட்டுத் தேய்க்கலாம். உப்புத்தாள் வேண்டாம், அது தண்டின் அளவையே குறைத்துவிடும்.

எல்லாப் பிரஸ்ஸையும் அடிவரை பிரித்தாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கைப்பிடி தடையின்றி ஓடுகிறது, பின்களில் ஆட்டம் இல்லை என்றால் இணைப்புக் கைகளை அப்படியே விட்டு, வெளியே தெரியும் பகுதிகளைத் துடைத்து எண்ணெயிடுவதே நல்லது. தண்டில் சிறிது ஆட்டம் தெரிந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை; கூடு டைக்குள் நுழையும்போது தானே நேராகிவிடும். பிரஸ் ஆடுகிறது என்று பலர் சொல்வது பெரும்பாலும் அதைப் பூட்டிய மேசையின் பலகை வளைவதே.

மீண்டும் பூட்டிய பிறகு செய்ய வேண்டிய சரிபார்ப்பில் அலட்சியம் கூடவே கூடாது. பிரித்துப் பூட்டிய பிரஸ்ஸில் தண்டு மேலேறி நிற்கும் உயரம் சற்று மாறியிருக்கலாம். பழைய பூட்டு வளையம் இருந்த இடத்திலேயே டையைத் திருகிவிட்டால், கூட்டின் தோள், அதாவது கழுத்துக்குக் கீழுள்ள சரிவு, தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளப்பட்டு, துப்பாக்கியின் அறைக்குள் இடைவெளி விழும். அப்படிப்பட்ட கூடு சில முறை சுட்டபின் அடிப்பகுதிக்கு மேலே அறுந்து, சூடான வாயுவைச் சுடுபவரின் முகத்தை நோக்கி விடக்கூடும். எனவே டையைப் புதிதாகவே அமைத்து, முதல் சில கூடுகளை அளவியில் வைத்துப் பார்த்தபின்தான் மருந்தைத் தொட வேண்டும். ஷெல் ஹோல்டரிலும் பிரைமர்க் கையிலும் வடியும் எண்ணெயைத் துடைத்துவிடுவதும் அப்போதே முடிய வேண்டிய வேலை, ஏனெனில் எண்ணெய் பட்ட புதிய பிரைமர் சுடும்போது பற்றாமல் போகலாம்.

விஸ்கான்சின் மாநிலத்தின் 9 நாள் துப்பாக்கி மான் வேட்டைப் பருவம் நவம்பரில் நன்றி கூறும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்குகிறது. அதற்கு முந்தைய வாரங்களில்தான் பழைய பிரஸ்கள் அலமாரியிலிருந்து இறங்கி மேசைக்கு வரும். தங்கள் நாளிதழ் இக்கடிதத்தை அதற்கு முன் வெளியிட்டால் பெரிதும் உதவியாக இருக்கும். இந்த வேலையில் ஈடுபட்டிருக்கும் பெற்றோர், ஆறு வயதுக்குட்பட்ட தம் பிள்ளைகளுக்கு இரத்த ஈயப் பரிசோதனை செய்யும்படி குழந்தை மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்பதையும் தங்கள் மருத்துவப் பக்கத்தில் தனியே எழுதச் செய்யுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
விஸ்கான்சின், அமெரிக்கா.