'இழப்பு' என்ற சொல்லைப் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

செயற்கைக்கோள் மூலம் வேளாண் நீரை அளப்பது குறித்துச் சென்ற ஞாயிறு மலரில் வெளியான கட்டுரையில், "காட்டு மரங்களால் ஏற்படும் நீர் இழப்பையும் இனிக் குறைக்கலாம்" என்றொரு வரி இருந்தது. மரம் வேரால் இழுத்து இலை வழியே ஆவியாக விடும் நீரை இழப்பு என்று எழுத எப்படி மனம் வந்ததோ தெரியவில்லை. பினாங்கின் குடிநீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் மூடா என்னும் ஆற்றிலிருந்து வருவதும், அந்த ஆற்றுக்குக் கெடாவின் உலு மூடா காடே நீர்ப்பிடிப்பாக இருப்பதும் தாங்கள் அறியாதவை அல்ல.

நான் செபராங் பிறையில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் 19 ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன். அலுவலகத்தின் பின்புறம், நான்கு அடி அகலத்தில் துத்தநாகம் பூசிய இரும்புத் தொட்டி ஒன்று இருந்தது; அதில் நீர் ஆவியாகி எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று தினமும் காலையில் பார்த்து எழுதுவேன். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு ஹெக்டருக்கு 10,000 லிட்டர். கடும் வறட்சி வந்த ஓர் ஆண்டில் தொட்டி நீர் விறுவிறுவென்று இறங்கியது. மரங்களோ இலைத்துளைகளை மூடிக்கொண்டு, விரியாத குருத்துகளோடு நின்றன. அதன்பின் ஆண்பூக்களே மிகுந்தன. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்துக் குலைகள் குறைந்தன. செயற்கைக்கோள் அந்த மாதம் எங்கள் தோட்டத்தைப் பார்த்திருந்தால், நீர்ச் செலவு குறைவு என்றே காட்டியிருக்கும். அந்தக் குறைவு மரத்தின் தாகம். அதைச் சேமிப்பு என்று யாரும் படித்துவிடக் கூடாது. காட்டை வெட்டினாலும் செயற்கைக்கோள் காட்டும் இதே எண் இறங்கும். ஆனால் லாரித் தடங்களால் இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காமல் சேறாக ஓடிவிடும்.

செயற்கைக்கோளை நான் பழிக்கவில்லை. இலையின் வெப்பத்தைக் கொண்டு மரம் நீர் குடிக்கிறதா, தவிக்கிறதா என்று அறிவது அருமையான வழி. லேண்ட்சாட் என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள்களின் படங்கள் 2008 முதல் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அமெரிக்காவின் வறண்ட மேற்கு மாநிலங்களுக்கு 2021இல் வந்த, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வயல்களின் நீர்ச் செலவைக் கணக்கிடும் ஓப்பன்இடி சேவையை அப்படியே இங்கே நட்டுவிட முடியாது. லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்து எட்டு நாளுக்கு ஒருமுறைதான் ஓரிடத்தைக் கடக்கின்றன. அந்த நாளில் மேகம் மூடியிருந்தால் வெப்பப் படம் பயன்படாது. விடுபட்ட நாள்களைக் கணக்கால் நிரப்புகிறார்கள். அந்தக் கணக்கைச் சரிபார்க்கத் தரையில் எடுத்த அளவு வேண்டும். எங்கள் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது என் 19 ஆண்டுக் குறிப்பேடுகள் குப்பை லாரியில் ஏறின. கெஞ்சிக் கேட்டும் தரவில்லை. அப்போதும் தங்களுக்கு எழுதினேன், அக்கடிதம் வெளிவரவில்லை.

அடுத்த ஞாயிறு மலரில், அந்த வரியில் உள்ள "நீர் இழப்பு" என்பது "நீராவிப்போக்கு" என்று இருந்திருக்க வேண்டும் என ஒரு வரித் திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பட்டர்வொர்த், பினாங்கு