தமிழ் தெரிந்த ஒரு டீச்சர் வேண்டும்

மதிப்பிற்குரிய கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுவதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. இங்குள்ள தமிழரும் கன்னடரும் அரசுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலையும் அதே மொழியில் பெறலாம் என்று 1969-இன் கேரள ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. ஜூலையில் நான் அனுப்பிய மனுவும் தமிழில்தான் இருந்தது. செப்டம்பரில் ஒரு வரிப் பதில் வந்தது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்று, மலையாளத்தில். அதை என் அம்மாவுக்கு நான்தான் படித்துச் சொன்னேன். படித்துச் சொல்வதுதான் என் பிழைப்பும். மூணாறு மலையில், அரசுச் சேவைகளுக்கான ஓர் அக்ஷயா மையத்தில் உட்கார்ந்து, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் சனங்களின் விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன்.

பின்னணியெல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புத் தமிழ் மீடியம் டிவிஷனுக்கு ஜூன் மாதத்திலிருந்து தமிழ் தெரிந்த டீச்சர் இல்லை. பள்ளியின் பெயரை எழுதவில்லை, கோப்பு உங்கள் மேசையில் இருக்கிறது. தினக்கூலிக்கு வந்திருக்கும் டீச்சர் அடிவாரத்துக்காரர். நல்ல மனுசி. பிள்ளைகளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. தன் கைக்காசில் தமிழ் அரிச்சுவடி வாங்கி வைத்திருக்கிறார் என்றும் கேள்விப்பட்டேன். உங்கள் துறை அச்சிட்ட தமிழ்ப் புத்தகத்தைப் பிள்ளைகள் விரித்து வைத்திருக்க, அவர் அதே பாடத்தின் மலையாளப் புத்தகத்தைக் கையில் பிடித்து வாசிக்கிறார். படம் எங்கே வருகிறதோ அதை வைத்துத்தான் பிள்ளைகள் பக்கம் திருப்புகிறார்கள். படமில்லாத பாடம் வந்தால் என்ன செய்வார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

ஆகவே முதலிலேயே கேட்டுவிடுகிறேன். தமிழ் மீடியம் வகுப்புக்குத் தமிழ் தெரிந்த ஒரு டீச்சரைப் போடுங்கள்.

மறுபடியும் எழுத வைத்தது ஓணப் பரீட்சை முடிந்ததும் நடந்த ஒரு விஷயம். என் அண்ணன் மகள் அந்த வகுப்பில் படிக்கிறாள், எட்டு வயது. பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணனும் அண்ணியும் கொழுந்துக்குப் போயிருந்தார்கள், ஒரு நாள் வேலை போனால் போனதுதான். அதனால் என் அம்மா போனார். முப்பத்தைந்து வருசம் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவர். கடைத்தெருவில் சாமான் வாங்குகிற அளவுக்கு மலையாளம் வரும், அவ்வளவுதான்.

டீச்சர் சொன்னது இது: “குட்டிக்கு ஸ்ரமம் போரா.”

பிள்ளையின் முயற்சி போதாது என்று அர்த்தம். மலையாளத்தில் ஸ்ரமம் என்றால் முயற்சி, போரா என்றால் போதாது. எங்கள் காதில் விழுவது வேறு. எங்களுக்குச் சிரமம் என்றால் கஷ்டம். போறா என்றால் போகிறாள். “ஆமா டீச்சர், சிரமத்துலதான் போறா. பனியில ரெண்டு கிலோமீட்டர் நடந்துல்ல வாரா” என்று அம்மா நெகிழ்ந்துபோய்ச் சொல்லியிருக்கிறார். ஒரு டீச்சர் நம் பிள்ளையின் கஷ்டத்தைப் புரிந்துகொண்டாரே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டதாம். டீச்சரும் தலையாட்டியிருக்கிறார். அதன் பிறகு நீட்டிய தாளில் அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு ஜீப் ஏற்பாடு செய்யப் போகிறார்கள் என்று நினைத்தாராம்.

அந்தத் தாள், குழந்தைக்குக் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று சோதிப்பதற்கான சம்மதம்.

சோதனையும் நடந்துவிட்டது. ஒரு படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லியிருக்கிறார்கள், மலையாளத்தில். அவள் மேசையின் விளிம்பைப் பார்த்தபடி வாயே திறக்கவில்லை. ‘பேச்சில் பின்னடைவு, மேற்பரிசோதனை தேவை’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அவளை ஜீப்பில் வீட்டுக்குக் கூட்டி வந்தது நான். ஏறியதிலிருந்து இறங்கும்வரை வாய் ஓயவில்லை. முந்தின ராத்திரி லயத்துக்குப் பின்னால் யானை வந்ததாம். பீன்ஸ் கொடியை மட்டும் விட்டுவிட்டு வாழையை எப்படி மடக்கியது, அப்பா தகரத்தைத் தட்டியபோது அது காதை எப்படி விரித்தது, பக்கத்து வீட்டு மாமா பயத்தில் கதவுக்கு உள்தாழ்ப்பாளும் வெளித்தாழ்ப்பாளும் ஒரே நேரத்தில் போடப் பார்த்தது எப்படி என்று டிரைவர் வண்டியை ஓரங்கட்டிச் சிரிக்கும்வரை சொன்னாள். இந்தப் பிள்ளைக்குத்தான் பேச்சில் பின்னடைவு.

நான் பி.எட். படித்தபோது வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளரைப் பற்றிச் சொல்லித் தந்தார்கள். 1960-களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பேச்சே வரவில்லை என்று பள்ளிகள் முடிவுகட்டியிருந்தன. லபோவின் குழுவினர் ஒரு எட்டு வயதுப் பையனைப் பேட்டி கண்டார்கள். பேட்டி எடுத்தவரும் அதே ஹார்லெம்காரர்தான். அப்படியும் பையன் ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேசவில்லை. அடுத்த முறை அவர் ஒரு பொட்டலம் சிப்ஸ் வாங்கிக்கொண்டு, பையனின் கூட்டாளியையும் அழைத்துவந்து, தரையில் உட்கார்ந்தார். இரண்டு பையன்களும் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசினார்கள். பையன் மாறவில்லை. அவன் முன்னால் யார், எந்த உயரத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் மாறியது. அந்த ஊரில் பிரச்சினை பாதிதான், பேட்டி எடுத்தவருக்குப் பையனின் பேச்சாவது தெரியும். எங்கள் பிள்ளைக்கு அதுவும் கிடைக்கவில்லை.

மலையாளம் வேண்டாம் என்று நாங்கள் சொல்வதாகத் தயவுசெய்து திரித்துவிடாதீர்கள். 2017-இல் சட்டம் போட்டு மலையாளத்தைப் பத்தாம் வகுப்புவரை எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமாக்கினீர்கள். சரி, படிக்கட்டும். அது தெரியாமல் இந்த மாநிலத்தில் ஒரு கிளார்க் வேலைகூடக் கஷ்டம் என்பது அக்ஷயாவில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியாதா? மலையாளத்தை ஒரு பாடமாகக் கற்பது வேறு, கணக்கையும் அறிவியலையும் புரியாத மொழியில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேறு. தொடக்கப் பள்ளியில் மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்யச் சொல்லும் 350ஏ பிரிவு, மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த அதே 1956-இல் அரசியலமைப்பில் சேர்ந்தது. அதே வருசம் நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் மலை இருக்கும் தேவிகுளமும் பக்கத்துப் பீர்மேடும் கேரளத்தில் நின்றன, தோவாளையும் செங்கோட்டையும் தமிழ்நாட்டுப் பக்கம் போயின. குளமாவது மேடாவது, எல்லாம் இந்தியாவில்தானே இருக்கிறது என்று காமராசர் சொன்னதாக எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் இன்றும் சொல்வார்கள். அந்தக் கோபமெல்லாம் எனக்கு இல்லை. நான் பிறந்தது இங்கே, ஓட்டுப் போடுவது இங்கே. எல்லைக் கோட்டை நகர்த்தச் சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரச்சினை மொழி மட்டும்தானா? இதே மலையில் வெளிமாநிலத்திலிருந்து வரும் பெரிய அதிகாரியின் பிள்ளைக்கு ஒரு வார்த்தை மலையாளம் தெரியாது. அந்தப் பிள்ளை இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறது, அதை யாரும் சோதனைக்கு அனுப்பியதாக நான் கேள்விப்படவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ் பேசினால் கெட்டிக்காரத்தனம், லயத்துத் தமிழ் பேசினால் பின்னடைவு. வாயிலிருந்து வரும் முதல் சொல்லிலேயே அப்பா என்ன வேலை, எந்த லயம், என்ன சாதி என்பதெல்லாம் கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. தமிழரைப் ‘பாண்டி’ என்று கூப்பிட்டுவிட்டு, ஊரைத்தான் சொன்னேன் என்பார்கள். எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்பது அந்தப் பெயரால் கூப்பிடப்பட்டவருக்குத் தெரியும்.

எங்கள் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. நான் படித்த காலத்தில் தமிழ் வாத்தியாரே ‘அவுக வந்தாக’ என்று சொன்ன பிள்ளையை எழுப்பி நிறுத்தி, இது என்ன தமிழ் என்று வகுப்பைச் சிரிக்க வைத்தார். தேனிக்கு பி.எட். படிக்கப் போனபோது விடுதியில், சாப்பிட்டாயா என்ற அர்த்தத்தில் பழக்கதோஷமாக “கழிச்சாச்சா?” என்று கேட்டு, ஒரு வருசம் முழுக்கப் பட்டப்பெயரோடு அலைந்தேன். இங்கே பாண்டி, அங்கே மலையாளத்தாள். இந்தப் புலம்பலுக்கு நீங்கள் பொறுப்பல்ல, விட்டுவிடுகிறேன்.

2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டுப் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்களே, நினைவிருக்கிறதா? என் அம்மாவும் உட்கார்ந்தார். பாதி தமிழ், பாதி மலையாளத்தில்தான் முழக்கம். டிவி மைக்கெல்லாம் அவர்கள் வாயருகே நீண்டது. அப்போது யாருக்கும் பேச்சில் பின்னடைவு இல்லை. அவர்களின் பேத்திகளுக்கு எப்படி வந்தது?

ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள். 2023-இல் சின்னக்கானலில் சுற்றிய அரிக்கொம்பன் யானையை இடம் மாற்ற நீதிமன்றம் நிபுணர் குழுவே அமைத்தது. மயக்க ஊசி, கும்கிகள், லாரி, கழுத்தில் ரேடியோ காலர். அது பெரியாறு காட்டிலிருந்து கம்பத்துக்கு இறங்கியதும் தமிழ்நாடு மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறையில் கொண்டுபோய் விட்டது. அரிசி தின்ற ஒரு யானைக்காக இரண்டு மாநில அரசுகள் மெனக்கெட்டன. வேண்டாம் என்றா சொல்கிறேன், நல்லதுதான். எங்களுக்கு வேண்டியது ஆசிரியர் பயிற்சி முடித்த, தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஒரு மனிதப்பிறவி. லாரியெல்லாம் வேண்டாம், பஸ்ஸிலேயே வந்துவிடுவார். (எனக்காகக் கேட்கவில்லை. எனக்கு வயது வரம்பு தாண்டிவிட்டது.)

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன பிப்ரவரி 21-ஆம் தேதி, தாய்மொழி நாளன்று, தாய்மொழியைக் காப்பேன் என்று என் அண்ணன் மகள் மலையாளத்தில் உறுதிமொழி எடுத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்தே மனதுக்குள் புகைந்துகொண்டிருந்தது.

பணிவோடு கேட்கிறேன். தமிழ் மீடியம் வகுப்புக்குத் தமிழ் தெரிந்த ஒரு டீச்சரைப் போடுங்கள். கிறிஸ்துமஸ் பரீட்சைக்கு முன்னால் போடுங்கள். இப்போது இருக்கும் டீச்சரை வேலையை விட்டு அனுப்பிவிடாமல், அவருக்குப் பொருந்துகிற வகுப்பில் வையுங்கள். பிள்ளையைச் சோதிக்கத்தான் வேண்டும் என்றால் தமிழில் சோதியுங்கள், நாங்கள் தடுக்கவில்லை. மேற்பரிசோதனைக்கான இரண்டாவது தாள் வந்து, எங்கள் வீட்டு பிஸ்கட் டப்பாவில் ரேஷன் கார்டோடு இருக்கிறது. அதில் அம்மா கையெழுத்துப் போடவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது தமிழில் நேரில் வந்து சொன்னால் போடுவாராம். டீக்குப் பாலும் வாங்கி வைத்திருப்பதாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
பிள்ளையின் அத்தை