செண்பகமும் உளவியலும்

அன்புள்ள வசந்தா,

பதில் போடவில்லை என்று என்னை எவ்வளவு திட்டியிருப்பாய் என்று தெரியும். நியாயம்தான். இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி வருவதும் போவதுமாக இருக்கிறது. அவர் ஓய்வு பெற்ற பிறகு வீட்டுக் கடிகாரங்களையெல்லாம் பிரித்துப் பழுது பார்க்கிறார். இப்போது அறைக்கு அறை வேறு வேறு மணி. உன் பேத்தி பேச ஆரம்பித்துவிட்டாளா? சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீளமான கடிதம், கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்.

செண்பகம் உளவியல் படித்துவிட்டாள்.

சிரிக்காதே. படித்தாள் என்றால் புத்தகத்தைப் பிரித்தாள் என்று பொருளில்லை, அவளைத்தான் நமக்குத் தெரியுமே. உரை கேட்கிறாள். எழுந்தவுடன் ஒன்று, துணி மடிக்கும்போது ஒன்று, தூங்கப் போகும் முன் ஒன்று. அன்றாட வாழ்வில் உளவியல் என்று யார் எங்கே பேசினாலும் அது அவள் காதுக்குத் தப்புவதில்லை. என்னைப் பார்க்க வந்தவள், உட்கார்ந்த உடனேயே, "நீ கையைக் கட்டிக்கொண்டிருக்கிறாய், உன் மனம் மூடிக் கிடக்கிறது" என்றாள். எனக்குக் குளிர், அவ்வளவுதான். அதைச் சொன்னால், "நாம் பேசுவதில் சொல்லுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி 93 சதவீதம் குரலும் உடலும்" என்று ஒரே போடாகப் போட்டாள். விடுதி அறையில் அவளோடு குப்பை கொட்டிய காலத்தில் என் சொல்லுக்கு அந்த 7 சதவீதம்கூடக் கிடைத்ததில்லை என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் விடவில்லை, தேடிப் படித்தேன். ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-இல் வெளியிட்ட சோதனைகளிலிருந்து கிளம்பிய கணக்கு அது. சொல் ஒன்றைக் காட்ட, குரலும் முகமும் வேறொன்றைக் காட்டினால், பேசுகிறவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதைக் கேட்பவர் எதை வைத்து முடிவு செய்கிறார் என்று பார்த்திருக்கிறார். அதன் எல்லை அவ்வளவுதான். எல்லாப் பேச்சுக்கும் இதைப் பொருத்தக் கூடாது என்று அவரே பிறகு சொல்லியிருக்கிறார். பொருந்துமென்றால் இந்தக் கடிதத்தில் 93 சதவீதம் தபாலிலேயே தொலைந்திருக்க வேண்டுமே!

அவளோடு மல்லுக்கு நிற்பதைவிடக் கூடவே போய்க் கேட்டுவிடலாம் என்று சனிக்கிழமை உரைகளுக்குப் போக ஆரம்பித்தேன். இப்போது அவளுக்கு முன்னால் நான் கிளம்பி நிற்கிறேன். பேசுகிறவர் ஓய்வுபெற்ற பேராசிரியை. மெல்லிய குரல், மேடை ஜாலம் எதுவும் கிடையாது. முதல் வாரம் எங்கள் எல்லோரையும் ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் ஆளுக்கொரு உறை. உள்ளே அவரவர் குணநலன் பற்றி ஒரு பத்தி. 'பிறர் உங்களை விரும்ப வேண்டும் என்ற ஏக்கம் உங்களுக்கு உண்டு. வெளியே உறுதியானவராகத் தெரிந்தாலும் உள்ளூரக் கவலைப்படுகிறீர்கள்' என்ற ரீதியில் போனது. செண்பகம் கண் கலங்கிவிட்டாள். முன்வரிசையில் ஒருவர், "என் மனைவிக்குக்கூட இவ்வளவு தெரியாது" என்றார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார் பேராசிரியை. நான் 4 போட்டேன். பிறகு, பக்கத்தில் இருப்பவரோடு தாளை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். எல்லாத் தாளிலும் ஒரே பத்தி!

அரங்கமே சிரித்தது. செண்பகம் மட்டும் தன் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இருந்தாலும் எனக்குப் பொருந்துகிறதே" என்றாள்.

பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் 1948-இல் தன் மாணவர்கள் 39 பேரிடம் இதைத்தான் செய்தாராம். சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து வரிகளை எடுத்துத் தொகுத்துக் கொடுத்தார். சராசரியாக 5-க்கு 4.26 கிடைத்தது. "ஓர் உரையைக் கேட்டு 'என்னைப் பற்றியே சொல்கிறாரே' என்று தோன்றினால் கைதட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்" என்று அந்த அம்மாள் சொன்னார். அவருடைய உரைகளையும் சேர்த்துத்தான் சொன்னார், அதுதான் எனக்குப் பிடித்தது.

இப்படிப் பொதுமக்களிடம் போய்ப் பேசுவதே தவறு என்று நினைத்துவிடாதே. அமெரிக்க உளவியலின் முன்னோடி வில்லியம் ஜேம்ஸ் 1892-லேயே ஆசிரியர்களுக்கு இத்தகைய உரைகள் ஆற்றியிருக்கிறார். 1899-இல் அவை நூலாக வந்தன. உளவியல் ஓர் அறிவியல், கற்பித்தல் ஒரு கலை. ஒன்றிலிருந்து மற்றது நேராகப் பிறந்துவிடாது என்று முன்கூட்டியே எச்சரித்துவிட்டுத்தான் பேசினார். ஜார்ஜ் மில்லர் 1969-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைமையுரையில், இந்தத் துறையின் அறிவை மக்களுக்கே வழங்கிவிட வேண்டும் என்று வாதாடினார். நான் அவர் கட்சி.

சும்மா சொல்லவில்லை. உன்னைப் பற்றியே ஒரு செய்தி இருக்கிறது. தேர்வுக் காலத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் பாடம் ஒப்பிப்பாயே, "சுவருக்குப் பட்டம் கிடைக்கப் போகிறது" என்று நாங்கள் கேலி செய்வோமே! செண்பகம் சிவப்புப் பேனாவால் வரி விடாமல் அடிக்கோடு போட்டு அதையே திரும்பத் திரும்பப் படிப்பாள். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இருவர் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு குழு பாடத்தை நான்கு சுற்றும் படித்தது. இன்னொரு குழு முதல் சுற்றில் படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் பாராமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 61 சதவீதம். அரங்கத்திலேயே செண்பகத்தின் விலாவில் இடித்தேன். "வசந்தாவுக்குச் சொல்லாதே, தலை கனத்துப் போகும்" என்றாள். இதோ சொல்லிவிட்டேன்.

என் கவலை வேறு. செண்பகம் செல்பேசியில் கேட்கும் மற்ற உரைகள் இப்படியில்லை. 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு விடியற்காலை நடைப்பயிற்சி தொடங்கினாள். 21 நாளும் போனாள், அதைப் பாராட்ட வேண்டும். மறுநாளும் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. உடனே விட்டுவிட்டாள். "எல்லோருக்கும் வருகிறது, என்னிடம்தான் ஏதோ கோளாறு" என்கிறாள், நம் செண்பகம்! ஊரையே கோளாறு சொல்லும் செண்பகம்! அந்த 21-க்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் இருக்கிறார். தங்கள் புதிய முகத்துக்கு நோயாளிகள் பழகக் குறைந்தது அத்தனை நாளாவது ஆகிறது என்று மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-இல் எழுதினார். 'குறைந்தது' எங்கோ உதிர்ந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் 96 பேரைக் கவனித்தபோது, ஒரு செயல் தானாக வரும் நிலைக்கு ஆகும் காலம் 18 முதல் 254 நாள் வரை என்று கணக்கு வந்தது. நடு அளவு 66. இடையில் ஒருநாள் தவறினாலும் பெரிய நட்டமில்லையாம்.

இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நிற்கும் கதையும் அப்படித்தான். 2010-இல் 42 பேரை வைத்துச் செய்த ஆய்வு. உடலை விரித்து அதிகாரத் தோரணையில் இரண்டு நிமிடம் இருந்தாலே ஹார்மோன் மாறும் என்றது. 2012-இல் உரையாக வந்து உலகம் சுற்றியது. 2015-இல் வேறொரு குழு 200 பேரிடம் செய்து பார்த்தபோது தெம்பாக உணர்ந்ததாகச் சொன்னார்கள், ஹார்மோன் அசையவில்லை. மறு ஆண்டு, முதல் ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டானா கார்னியே, இதில் தனக்கு நம்பிக்கையில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். அந்த அறிவிப்பைச் செண்பகத்துக்கு யார் அனுப்பப் போகிறார்கள்?

மருந்து கேட்கவில்லை என்றால் மருந்தைச் சந்தேகிக்கிறோம். உரை பலிக்கவில்லை என்றால் கேட்டவர் தன்னையே சந்தேகிக்கிறார். செண்பகம் விஷயத்தில் இது சிரிப்போடு போய்விடும். மரகதத்தின் மகன் விஷயத்தில் அப்படியில்லை, வசந்தா. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அவன் மாதக் கணக்கில் சரியாகத் தூங்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டான். வேலைக்குப் போகிறான், வருகிறான், கதவைச் சாத்திக்கொள்கிறான். மரகதம் தினமும் காலையில் அவனுக்கு ஓர் உரை அனுப்புகிறாள். எல்லாவற்றுக்கும் சாரம் ஒன்றே: மகிழ்ச்சி என்பது நாம் எடுக்கும் முடிவு. அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை, பயத்தில் கையில் கிடைத்ததைப் பற்றிக்கொள்கிறாள். போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "பெரியம்மா, எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை போலிருக்கிறது" என்றான்.

மருத்துவரிடம் போகலாமே என்றேன். "அதெல்லாம் பலவீனமானவர்களுக்கு" என்றான். எந்த உரையில் கேட்டானோ!

இனி உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். உன் அந்த ஓர் ஆண்டைப் பற்றி எனக்கும் உன் கணவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. நீ மருத்துவரைப் பார்த்ததும், மாத்திரை சாப்பிட்டதும், பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாமல் வாரம் ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வந்ததும். இன்றுவரை நான் வாய் திறக்கவில்லை, இனியும் திறக்க மாட்டேன். ஆனால் உன் வகுப்பில் படித்தவன் அவன். அவனுக்கு உன்னைவிடத் திடமான மனுஷி உலகத்தில் கிடையாது. அந்த ஓர் ஆண்டைப் பற்றி நீயே அவனிடம் சொல்ல முடியுமா? அறிவுரை வேண்டாம். நடந்ததை மட்டும் சொன்னால் போதும்.

'மருத்துவரிடம் ஒருநாள் போ' என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதே. பேராசிரியை அம்மாள் சொன்னதில் எனக்கு மிகவும் உருப்படியாகத் தோன்றியது இதுதான்: பீட்டர் கோல்விட்சர் என்பவரின் ஆய்வுப்படி, செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொள்வதைவிட, எப்போது, எங்கே, எப்படி என்று முன்பே முடிவு செய்துகொண்டவர்கள்தான் அதிகம் செய்து முடிக்கிறார்கள். ஆகவே கிழமையும் நேரமும் பேசி வைத்துவிடு. கூட்டிப் போக நான் இருக்கிறேன். மரகதத்திடம் நான் பேசிக்கொள்கிறேன். உரை அனுப்புவதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வை என்று சொல்ல ஒரு வழி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சொல்ல மனமில்லை என்றால் தயங்காமல் இல்லை என்று எழுது. அதனால் நமக்குள் ஒன்றும் வந்துவிடாது. வேறு வழி பார்க்கிறேன். வரும் ஞாயிறு மாலை அவன் இங்கே வருகிறான். அதற்குள் உன் பதில் தெரிந்தால் நல்லது, தொலைபேசியில் சொன்னாலும் சரி. மதியம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடு, அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

அன்புடன்,
கோமதி