மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தைப் பள்ளி திறக்கும் முன்பே வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கடலோர ஊர்ப் பெற்றோர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், நாகர்கோவில்.

பொருள்: தடைக்கால நிவாரணத்தை மே மாதக் கடைசிக்குள் வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். குளச்சல், முட்டம் பக்கம் நாங்கள் மேற்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் எங்களுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகுகள் கரையேறும் நேரத்தில்தான் பள்ளிக்கூடம் திறக்கிறது. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையும் அப்போதுதான்.

அரசுப் பள்ளியில் புத்தகம் இலவசம் என்பது உண்மை, அதற்கு நன்றி. ஆனால் பையன் ஆசைப்படும் பாடப்பிரிவு பக்கத்துப் பள்ளியின் சுயநிதிப் பிரிவில்தான் இருக்கிறது. முதல் தவணை கட்டினால்தான் இடம். அதற்கு மீன் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கினால், ஆகஸ்டில் பிடிக்கும் மீனை அவர் மூலமே விற்க வேண்டும். இல்லையென்றால் அம்மாவின் கம்மல் அடகுக்குப் போகும். இரண்டுக்கும் வழியில்லாத வீட்டில் பையனே முடிவெடுத்துவிடுகிறான்: "அக்கா நர்சிங் முடிக்கட்டும், நான் மாமாகூட கொச்சிக்குப் போறேன்." படகில் போய்ப் பங்குக் காசைக் கையில் வாங்கிப் பழகிய பதினாறு வயதுப் பையனை அடுத்த ஜூனில் வகுப்பில் உட்கார வைக்க எங்களால் முடியவில்லை. படிப்பின் அருமை தெரியாதவர்கள் என்று எங்களைச் சொல்வது நியாயமல்ல.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. நல்ல திட்டங்கள்தான், ஆனால் கல்லூரியில் சேர்ந்த பிறகு வருபவை. எங்கள் பையன்கள் அதற்கு இரண்டு வருஷம் முன்பே படிப்பை விட்டுவிடுகிறார்கள்.

நாங்கள் புதிதாகப் பணம் கேட்கவில்லை. தடைக்கால நிவாரணமாக அரசு தரும் 8,000 ரூபாய் எங்கள் ஊரில் பலருக்குப் பள்ளி திறந்த பிறகே கைக்கு வருகிறது. அதைச் சரியான நேரத்தில் தாருங்கள் என்றுதான் கேட்கிறோம். இதற்கு ஓர் உதாரணம்: கொலம்பியா நாட்டுத் தலைநகர் பொகோட்டாவில் 2005-இல் ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு முழுத் தொகையும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இன்னொரு பிரிவினருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, அடுத்த ஆண்டுச் சேர்க்கை நேரத்தில் மொத்தமாகக் கொடுத்தார்கள். இரண்டாம் பிரிவில்தான் அதிகம் பேர் அடுத்த வகுப்பில் சேர்ந்தார்கள். தொகையைக் கூட்டவில்லை, நேரத்தைத்தான் மாற்றினார்கள்.

ஆகவே, எங்கள் கடற்கரைக்கான நிவாரணத்தை மே மாதக் கடைசி வாரத்துக்குள் வங்கிக் கணக்கில் வரவு வைக்கும்படி அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறோம். அதுவரை, மீனவர் வீட்டுப் பிள்ளைகளின் முதல் தவணைக்கு ஆகஸ்ட் கடைசிவரை அவகாசம் தரும்படி பள்ளிகளுக்கு அறிவுறுத்த வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியும் பதினொன்றில் சேராத கடலோரப் பிள்ளைகளின் பட்டியலை ஜூலைக்குள் எடுத்து, அவர்கள் படகேறும் முன்பே ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பும்படி கல்வித்துறைக்கு உத்தரவிடவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கடலோர ஊர்ப் பெற்றோர்.