மேற்கோள்குறி ஒருமுறை போதும்

நெல்லைச் சீமைப் பேச்சையும் சொலவடையையும் இணையத்தில் ஏற்றிவரும் தொகுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் பக்கங்களில் ஒரு பேச்சைச் சுற்றி இரட்டை மேற்கோள்குறி இரண்டிரண்டாக நிற்கிறது. வேறு பக்கத்தில் குறியே இல்லை. இரண்டுமே, இணையப் பக்கம் எழுதும் எச்டிஎம்எல் மொழியில் சிறு மேற்கோளைக் குறிக்கும் கியூ (q) டேக்கைக் கையாண்ட விதத்தால் வருவது.

சிறு மேற்கோளைக் கியூ டேக்குக்குள் வைத்தால் குறியைப் பிரவுசரே போடும். நீங்களும் தட்டச்சு செய்தால் இரட்டிக்கும். குறி காணாமல்போன பக்கங்களில், பிரவுசரின் இயல்பான தோற்றத்தை நீக்கும் ரீசெட் சிஎஸ்எஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது கியூவின் குறிகளைத் துடைத்துவிடும். அதற்குக் கீழே, எந்தக் குறி என்பதைச் சொல்லும் ‘கோட்ஸ்’ (quotes) பண்பில் வெளிக்குறி இரண்டு, உள்குறி இரண்டு என நான்கையும் வரிசையாகக் கொடுத்து, மேற்கோளுக்கு முன்னும் பின்னும் குறி விழும் இடங்களான ‘பிஃபோர்’ (::before), ‘ஆஃப்டர்’ (::after) இரண்டுக்கும் முறையே ஓப்பன்-கோட் (open-quote), குளோஸ்-கோட் (close-quote) மதிப்புகளைத் திரும்ப எழுதுங்கள்.

“‘மேக்க மழ, வெள்ளம் வரும்’னு எங்க தாத்தா சொல்லுவாவ” என்பதுபோலப் பேச்சுக்குள் பேச்சு வந்தால், கியூவுக்குள் இன்னொரு கியூ. உள்ளே ஒற்றைக்குறி தானாக விழும். ‘னு’ உள் டேக்குக்கு வெளியே இருக்கட்டும். அது தாத்தா சொன்னதில்லை. மூடும் டேக்குக்கு முன் இடைவெளியோ வரிமுறிவோ விட்டால் குறி சொல்லை விட்டு விலகி நிற்கும்.

புணர்ச்சியில்தான் பெரிய வில்லங்கம். ‘போய்விட்டதென’ என்பதில் ‘போய்விட்டத’ வரை டேக்குக்குள் வைத்துவிட்டு மிச்சத்தை வெளியே தள்ளினால், ‘தெ’யின் ஒற்றைக்கொம்பு மேற்கோள்குறிக்குப் பின்னால் போய்ச் சேரும். திரையில் புள்ளிவட்டம் தெரியும். ‘போய்விட்டது’ என்று பிரித்து மூடிவிட்டு ‘என’ எழுதுங்கள்.

பத்தியளவு பேச்சுக்கு பிளாக்கோட் (blockquote) டேக். அதற்குப் பிரவுசர் குறி போடாது. சைட் (cite) பண்பில் தரும் மூல முகவரி வாசகர் கண்ணில் படாது. ஆகவே யார் சொன்னது, எந்த ஊர் என்பதை வரியிலேயே எழுத வேண்டும். ‘ஒரிஜினல்’ அல்வா என்று கிண்டலாக எழுதுகிற இடத்தில் கியூ வேண்டாம், அது யாருடைய மேற்கோளும் அல்ல.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். பிரவுசர் போட்ட குறி, நகலெடுக்கும்போது பெரும்பாலும் கூட வராது. ஆய்வு மாணவர்கள் உங்கள் பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டுகையில் பாட்டி சொன்னதும் நீங்கள் எழுதியதும் ஒன்றாகிவிடும். கியூ கட்டாயமில்லை; குறியை நேரே தட்டச்சு செய்வதும் எச்டிஎம்எல் விதிப்படி சரியே. சொலவடைத் தொகுப்புக்கு அதையே பரிந்துரைக்கிறோம். எதைத் தேர்ந்தாலும் தளம் முழுக்க ஒரே முறை இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையில் இணையப் பக்கம் வடிவமைப்போர் சிலர்